பதினோராவது திருத்தம்

மே 5, திங்கள்

பதினோராவது திருத்தம் எதற்காக எழுதப்பட்டது? காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவமனையின் பதிவேட்டு மென்பொருள் நாங்கள் எழுதியதல்ல. பல நாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் திட்டம் அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்துக்கொண்டோம். அப்படியே பயன்படுத்த முடியாமல் பத்தொன்பது இடங்களில் மாற்றினோம். மூலத்திட்டத்தில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அந்தப் பத்தொன்பது திருத்தங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் மறுபடி பொருத்த வேண்டும். புதிய சட்டை வாங்கும்போதெல்லாம் கையைப் பிரித்து அளவுக்குத் தைப்பது போன்ற வேலை.

இப்போது ஓடும் பதிப்புக்கு ஜூன் 30க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவித்துவிட்டார்கள். ஜூன் ஒன்று ஞாயிறு. புறநோயாளிகள் வராத நாள். அன்று மாற வேண்டும்.

பதினெட்டுத் திருத்தங்களுக்கு, அது எதற்கு என்று ஒரு வரிக் குறிப்பு இருக்கிறது. பதினோராவதில் மட்டும், “அவசியம். எடுக்க வேண்டாம். – த.” என்று இருக்கிறது. த. என்பது தனபால். எட்டு ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தப் பிரிவில் என்னோடு வேலை பார்த்தவர். காரணம் சொல்லாத கட்டளை எனக்கு ஒத்துவராது.

வீட்டில் மோட்டார் முனகுகிறது. தண்ணீர் மேலே ஏறவில்லை.

மே 6, செவ்வாய்

நான்கு திருத்தங்கள் பொருந்தின. மூலத்திட்டத்தோடு மோதல் இல்லை.

மே 8, வியாழன்

ஏழாவது திருத்தத்தில் நாள் முழுவதும் போயிற்று. மூலத்திட்டத்தில் பதிவுப் பக்கத்தையே மாற்றி எழுதியிருக்கிறார்கள். எங்கள் பெட்டியை வைக்க அங்கே இடம் இல்லை.

அந்தப் பெட்டியின் பெயர் ‘அடையாளம்’. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுக் கிராமங்கள். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர் அம்மன் பெயரையோ, பாட்டன் பாட்டி பெயரையோதான் வைக்கிறார்கள். அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பெண் பிறந்தால் மூன்றும் ஒரே பெயர். மேலப்பொட்டல் என்ற ஊரிலிருந்து மட்டும் எங்கள் பதிவேட்டில் நாற்பத்தாறு பேச்சியம்மாள்கள். எந்தப் பேச்சியம்மாள் என்று எழுதிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெட்டி.

பதிவு மேசையில் இருக்கும் சண்முகக்கனி மதியம் மாடிக்கே வந்துவிட்டாள். இருபது ஆண்டுகளாக அந்த மேசையில் இருப்பவள்.

“மேடம், புது வெர்ஷன்ல என் பெட்டிய எடுத்துருவீங்கன்னு பேசிக்கிடுதாங்க.”

“யார் பேசிக்கிறாங்க?”

“நான்தான்.”

எடுக்கவில்லை என்றேன்.

“அது இல்லன்னா நான் வேலைய விட்டுட்டு ஊர்ல போயி கோழி வளக்கலாம். நேத்து ஒருத்தி வந்தா. உன் அடையாளம் என்னம்மான்னு கேக்கேன். புருசன் ஓடிப்போன பேச்சியம்மான்னு போட்டுக்கோங்குறா. அவன் திரும்பி வந்துட்டா யாரு மாத்துறது?”

“என்ன போட்டே?”

“ரேஷன்கடைக்கு எதிர்வீடுன்னு போட்டேன். கடை ஓடிப்போகாதுல்லா.”

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் இருப்பது குறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். சீட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்குப் புதிதாகப் பதிவு போட்டுப் போட்டு அப்படி ஆகிறது. அப்படி நாலாயிரம் பதிவுகளாவது இருக்கும்.

மே 12, திங்கள்

பதினோராவது. ஐந்தே வரிகள்.

ஒருவருக்குப் பதிவு போடும்போது, அவரைப் போலவே வேறு யாராவது ஏற்கெனவே இருக்கிறார்களா என்று மென்பொருள் தேடும். பெயர், முன்னெழுத்து, ஊர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி. ஒவ்வொன்றும் ஒத்துப்போனால் இத்தனை மதிப்பெண். பிறந்த தேதிக்குத்தான் அதிகம். தனபாலின் ஐந்து வரிகள் சொல்வது: ஒரு தேதியை நூறு பேருக்கு மேல் பகிர்ந்துகொண்டால் அந்தத் தேதிக்கு மதிப்பெண் தராதே.

மதியம் சாப்பிடும்போது விடை கிடைத்தது. முன்பெல்லாம் வயது தெரியாதவர்களுக்குப் பதிவு மேசையில் 1-1-1900 என்று போட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் இது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பழக்கத்தை நானே நிறுத்தி, பழைய பதிவுகளையும் சரிசெய்துவிட்டேன். ஆகவே இதற்கு இனி வேலை இல்லை.

கனியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். “தனபால் சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சி போச்சு” என்றாள்.

அவருடைய எண் என்னிடம் இல்லை என்றேன்.

மே 14, புதன்

புதிய பதிப்பில் ஒரு வசதி சேர்த்திருக்கிறார்கள். இதுவரை ஒத்த பதிவுகளைப் பட்டியலாகக் காட்டும், முடிவு கனியுடையது. இனி மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டினால் தினமும் பணி முடிந்ததும் அதுவே இரண்டு பதிவுகளை ஒன்றாக்கிவிடும். கனி கேட்டது இதைத்தான்.

நம்புவதற்கு முன் சோதித்தேன். போன மாதம் புதிதாகப் பதிந்தவர்களில் ஐந்நூறு பேரைத் தனியாக எடுத்து ஓடவிட்டேன். நாற்பது ஜோடிகளை ஒன்றாக்கியது. நாற்பதையும் கையால் சரிபார்த்தேன். எல்லாம் சரி.

பதினோராவது திருத்தத்தை எடுத்துவிட்டேன். அதைச் சோதிப்பதற்கென்று தனபால் எழுதிவைத்த கோப்பு ஒன்று இருந்தது. திருத்தம் இல்லாததால் அது தோல்வி என்று காட்டியது. இல்லாத திருத்தத்துக்குச் சோதனை எதற்கு? திறந்துகூடப் பார்க்காமல் அதையும் நீக்கினேன். சுமக்க வேண்டியவை இப்போது பதினெட்டு.

மே 15, வியாழன்

மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோயிருக்கிறார் மெக்கானிக். மூன்று நாள் ஆகுமாம். குடத்தில் பிடிக்கிறேன்.

மே 23, வெள்ளி

பதினெட்டும் பொருந்திவிட்டன. கடைசி இரண்டும் பிடிவாதம் பிடித்தன. மூலத்திட்டத்தில் ஒரு நிரல் துண்டின் பெயரை மாற்றினால் அது எங்களிடம் நான்கு இடங்களில் உடைகிறது. ஒவ்வொரு முறையும் அவர்கள் மாற்றுவார்கள், நாங்கள் பின்னால் ஓடுவோம்.

தனபால் இதைத்தான் சொல்வார். “நம்ம திருத்தத்தை அவங்களுக்கே அனுப்பிடலாம் மேடம். ஏத்துக்கிட்டா அப்புறம் அவங்களே சுமப்பாங்க.” நான் மறுத்தேன். அனுப்பினால் எல்லாரும் பார்க்கும்படிக் கேள்வி கேட்பார்கள், இது எதற்கு, அது எதற்கு என்று. எங்கள் ஊர் விஷயத்தை முன்பின் தெரியாதவர்களிடம் நின்று விளக்க எனக்கு விருப்பமில்லை. பிரிவுக்குப் பொறுப்பு நான் என்பதால் முடிவும் என்னுடையதாக இருந்தது. மூன்று மாதத்தில் அவர் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். காரணம் அது மட்டுமா என்று தெரியாது.

மே 31, சனி

மாலை முழுப் பதிவேட்டையும் நகல் எடுத்துத் தனி வட்டில் வைத்தேன். இது என் வழக்கம். எதையும் நம்பாதவர்களுக்கு இதுவே பூஜை.

ஜூன் 1, ஞாயிறு

எட்டு மணிக்கு ஆரம்பித்து இரண்டரைக்கு மாற்றம் முடிந்தது. எல்லாச் சோதனைகளும் தேறின.

நடுவில் பாளையங்கோட்டையிலிருந்து அக்கா பேசினாள்.

“சர்க்கார் பொறந்தநாள் வாழ்த்துக்கள்ட்டி.”

“உனக்கும்தான்.”

எனக்கும் அக்காவுக்கும் சான்றிதழில் ஜூன் ஒன்றுதான். வருஷம் மட்டும் வேறு. எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் சேர்க்க வந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அதே தேதியைப் போட்டார். தலைக்கு மேலே கை போட்டுக் காது எட்டினால் ஐந்து வயது. அக்கா கேக் வெட்டினாயா என்று கேட்டாள். சர்வர் அறையில் கேக் அனுமதியில்லை என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அரை கிலோ உளுந்து.

ஜூன் 2, திங்கள்

வரிசை தேங்கவில்லை. நேற்று முதல் ஓட்டத்தில் 212 ஜோடிப் பதிவுகள் ஒன்றாகியிருக்கின்றன. கனி “பரவால்ல, ஓடுது” என்றாள். அவளிடமிருந்து இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

மேலும் 80. எதிர்பார்த்ததைவிட வேகம். மோட்டார் வந்துவிட்டது.

ஜூன் 4, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலை ஒன்பதே முக்காலுக்கு மேலப்பொட்டலிலிருந்து சு. பேச்சியம்மாள் என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண் சர்க்கரை பார்க்க வந்தார். டிரைவர் வீட்டுப் பேச்சியம்மாள் என்பது அடையாளம். கனி அவர் எண்ணைத் தட்டினாள். பெண்கள் வார்டு ஒன்பதாம் கட்டிலில் சேர்ந்திருப்பதாகத் திரை காட்டியது.

“ஏம்மா, நீ இங்கன உள்ள படுத்திருக்கியாம்லா?”

“நானா? நான் இந்தா நிக்கம்லா.”

“கால்ல புண்ணாம்.”

“அது எங்க பெரியப்பா மவளுக்கு. அவளும் பேச்சியம்மாதான். ரேஷன்கடைக்கு எதிர்வீடு.”

கனி வரிசையை அப்படியே விட்டுவிட்டு வார்டுக்கு ஓடியிருக்கிறாள். ஒன்பதாம் கட்டிலில் இருந்தவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை ஊசி போட்டு மூச்சுத் திணறிப் பிழைத்தவர். அது அவருடைய பதிவில் இருந்தது. டிரைவர் வீட்டுப் பேச்சியம்மாளின் பதிவில் போன மாதம் ‘ஒவ்வாமை இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இரண்டு பேரையும் ஒருவராக்கிவிட்டது. பிந்தைய குறிப்பு மேலே நின்றது. முந்தையது யாரும் திறக்காத பழைய பக்கத்துக்குப் போய்விட்டது. செவிலியர் திரையைப் பார்த்துவிட்டு ஊசி மருந்தைத் தட்டில் எடுத்து வைத்திருந்தார். பென்சிலின் வகை.

போடவில்லை. தட்டில்தான் இருந்தது.

ஒன்பதரைக்கே போட்டிருக்க வேண்டியது, டாக்டர் வர நேரமானதால் தள்ளிப்போயிற்று என்று கனி சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

தானாக ஒன்றாக்கும் வசதியைப் காலை 10.10க்கு நிறுத்தினேன். பிறகு கண்காணிப்பாளர் டாக்டர் எஸ்தரிடம் போனேன்.

“எத்தனை பேர், மங்கை?”

“மூணு நாள்ல 341 ஜோடி. எது சரி, எது தப்புன்னு இன்னும் தெரியாது.”

“யார் தப்பு? வெளியே எழுதினவங்களா?”

“நான் எடுத்த முடிவு.”

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, இந்த 341 எண்களில் யார் வந்தாலும் திரையை நம்பாமல் வாயால் கேட்டு எழுத வேண்டும் என்று எல்லா வார்டுக்கும் சீட்டு அனுப்பினார். “பிரிக்க முடியுமா?” என்றார். மென்பொருளில் ஒன்றாக்க வழி இருக்கிறது, பிரிக்க இல்லை. சனிக்கிழமை எடுத்த நகல் இருக்கிறது என்றேன்.

ஜூன் 5, வியாழன்

341 ஜோடிகளையும் தாளில் எடுத்தேன். ஒன்பது பக்கம். பெயர், ஊர், பிறந்த தேதி.

முதல் பக்கத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. தேதிப் பத்தியில் மேலிருந்து கீழ்வரை ஜூன் ஒன்று. வருஷங்கள் மாறுகின்றன, நாள் மாறவில்லை. அங்கங்கே ஒரு ஜூன் இரண்டு. நான்கு நாளைக்கு முன்னால் அக்காவோடு சிரித்த அதே தேதி. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக எல்லாப் படிவத்திலும் அதை எழுதியவள் நான்.

நான் சோதித்த ஐந்நூறு பேரும் போன மாதம் புதிதாக வந்தவர்கள். பெரும்பாலும் டவுன்காரர்கள், ஆஸ்பத்திரியில் பிறந்து பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். அவர்களுக்குப் பிறந்த தேதி பிறந்த தேதிதான். நாற்பதும் சரியாக வந்ததில் ஆச்சரியம் இல்லை.

பதினோராவது திருத்தத்தை வரலாற்றிலிருந்து மீட்டேன். எழுதியது, அழித்தது, யார், எப்போது என்று எல்லாம் அந்த வரலாற்றில் கிடக்கும். அதன் முதல் வடிவம் வரைக்கும் பின்னால் போனேன். அதில் குறிப்பு பன்னிரண்டு வரி. சில வரிகளை இங்கே எடுத்தெழுதுகிறேன்:

“மேலப்பொட்டல் பள்ளியில் ஒரே ஆண்டில் சேர்ந்த பதினாறு பேருக்கும் ஒரே பிறந்த தேதி. அதில் நான்கு பேர் பேச்சியம்மாள். தேதி ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று மூலத்திட்டம் நம்புகிறது. நம் ஊரில் அது எதையும் நிரூபிக்காது. ஒரு தேதியை நிறையப் பேர் பகிர்ந்துகொண்டால் அது பள்ளிக்கூடம் திறந்த நாள் என்றுதான் அர்த்தம்.”

அடுத்த வடிவத்தில் இந்தப் பன்னிரண்டு வரியும் இல்லை. “அவசியம். எடுக்க வேண்டாம்” என்ற கடைசி வரி மட்டும் மிச்சம். ‘குறிப்புகள் சுருக்கப்பட்டன’ என்று பக்கத்தில் இருக்கிறது. சுருக்கியவர் பெயரும் இருக்கிறது. என் பெயர்.

அந்த வருஷம், திருத்தக் குறிப்புகளில் கதை எழுத வேண்டாம், ஒரு வரி போதும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பியது நினைவுக்கு வந்தது. பிரிவில் அப்போது இருந்தது இரண்டே பேர்.

பிறகு, நான் திறக்காமல் நீக்கிய சோதனைக் கோப்பையும் மீட்டுத் திறந்தேன். அதில் கற்பனை நோயாளிகள் நான்கு பேர். மூன்று பேர் பேச்சியம்மாள். நான்காவது என் முழுப் பெயர், மங்கையர்க்கரசி; பிறந்த தேதி 1-6-1976. அதன் எதிரே ஒரு குறிப்பு: “சான்றிதழில் மட்டும். மெய்யான நாள் ஆகஸ்ட் 23.”

இந்தத் தேதியை அலுவலகத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, தனபால் வீட்டில் ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தாள் திரும்பி வந்தது.

உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

கனியும் நானும் பிரிக்க உட்கார்ந்தோம். நான் நகலிலிருந்து பழைய பதிவுகளை எடுத்துத் தருவேன். சந்தேகம் இருந்தால் அவள் அந்த ஊருக்குப் போன் போடுவாள்.

“எக்கா, நீங்க ஒரு ஆளா, ரெண்டு ஆளா?”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கனி ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

“கோவப்படாதீங்கக்கா. எங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு சரியில்ல.”

கண் சரியில்லாதது கம்ப்யூட்டருக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

இன்று 96 ஜோடிகள்.

ஜூன் 7, சனி

டாக்டர் எஸ்தர் இரண்டு செவிலியரை மதியம்வரை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். 130.

ஜூன் 9, திங்கள்

341ம் முடிந்தது. ஒரே ஆள்: 57. வெவ்வேறு ஆட்கள்: 284. அந்த மூன்று நாளில் தப்பான பதிவை வைத்து மருந்து மாறியவர்கள் யாராவது உண்டா என்று ஒவ்வொரு சீட்டையும் பார்த்தோம். இல்லை. ஒன்பதாம் கட்டில் ஒன்றுதான் அந்த விளிம்புக்குப் போனது.

அந்தப் பேச்சியம்மாளை வார்டில் போய்ப் பார்த்தேன். காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்திருந்தார். நான்தான் தவறு செய்தேன் என்று சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

“போவட்டும் தாயி. எங்க சித்தப்பா மவளும் நானும் ஒரே நாள்ல பள்ளிக்கூடத்துல சேந்தோம். அவ ஸ்லேட்டத் தூக்கி நான் அடி வாங்கிருக்கேன். இப்ப அவ ஊசி எனக்கு வரப் பாத்துச்சு. அவ்வளவுதான்.”

திருத்தத்தை மறுபடி சேர்த்தேன். மீண்டும் பத்தொன்பது. பன்னிரண்டு வரிக் குறிப்பையும் திரும்ப வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

இதை எங்களோடு வைத்துக்கொண்டால் அடுத்த பதிப்பில் யாரோ ஒருவர், நானாகவும் இருக்கலாம், மறுபடி எடுப்பார். யோசித்துவிட்டு, பதினோரு மணிக்கு மூலத்திட்டத்தின் பொதுப் பக்கத்தில் எழுதினேன். பன்னிரண்டு ஆண்டில் இதுவே முதல் தடவை. நான்கு முறை எழுதி நான்கு முறை சுருக்கினேன். பிறகு சுருக்காததையே அனுப்பினேன். ஊசித் தட்டையும் சேர்த்து.

ஜூன் 11, புதன்

பதில் வந்திருக்கிறது. நைரோபியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் வம்புய் என்ற பெண். அவர்களிடம் பிறந்த நாள் தெரியாதவர்களுக்கு ஜனவரி ஒன்று போடுகிறார்களாம். இதே போன்ற ஒரு திருத்தத்தை நான்கு ஆண்டுகளாகத் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறார். “இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள தொல்லை, வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்” என்று எழுதியிருக்கிறார்.

இதை இரண்டு முறை படித்தேன்.

திட்டத்தைக் கவனிப்பவர்களில் ஒருவர், திருத்தத்தையும் சோதனைக் கோப்பையும் அனுப்பச் சொல்கிறார். எழுதியவரின் ஒப்புதல் வேண்டுமாம். கூடவே ஒரு கேள்வி: நூறு பேர் என்ற எல்லை எப்படி வந்தது? இருநூறு நோயாளிகள் மட்டும் உள்ள சிறிய இடத்தில் நூறு பேர் ஒரே தேதியில் எப்படி இருப்பார்கள்?

எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் பயந்தது இப்படிப்பட்ட கேள்விக்குத்தான். நல்ல கேள்வி.

ஜூன் 12, வியாழன்

உணவு இடைவேளையில், இல்லை என்று கனியிடம் சொன்ன அந்த எண்ணில் தனபாலை அழைத்தேன்.

“சொல்லுங்க மேடம்” என்றார். யார் என்று கேட்கவில்லை.

“ஒரு திருத்தம் விஷயமா...”

“பதினொண்ணுதானே?”

“எப்படித் தெரியும்?”

“மத்ததுக்கெல்லாம் நீங்க என்னைக் கூப்பிட வேண்டியதே இல்லையே. அது இன்னும் இருக்குதா?”

“மே மாசம் எடுத்துட்டேன்.”

பின்னால் ஏதோ பேருந்து ஹாரன் கேட்டது.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“ஆகல. மயிரிழை.”

“அப்ப சரி” என்றார். நான் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்ல அது இடம் தரவில்லை. ஆனாலும் சொன்னேன். “குறிப்பை வெட்டினது நான்.”

“தெரியும் மேடம். கடைசி வரிய விட்டு வெச்சீங்களே, அதுவே பெருசுன்னு நெனச்சேன்.”

மூலத்திட்டத்துக்கு அனுப்ப ஒப்புதல் கேட்டேன். தந்தார். நூறு என்ற எல்லையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். “அது சும்மா கையில வந்த நம்பர். மொத்தத்துல நூத்துக்கு இத்தனைன்னு வெச்சுக்கலாம்.” நாளை எழுதி அனுப்புகிறேன் என்றார். வைப்பதற்கு முன்,

“அந்தச் சோதனைக் கோப்புல ஒரு பேர் இருக்கும். உலகமே பாக்கப் போகுது. மாத்திடுங்க மேடம்.”

“பேரை மாத்திடறேன்” என்றேன்.

இருபது நிமிடம் பேசியிருக்கிறோம். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

ஜூன் 16, திங்கள்

தனபால் எழுதிய புதிய ஐந்து வரியை வம்புய் தன் பதிவேட்டில் ஓட்டிப் பார்த்தார். இரண்டு பிழைகள் கண்டார். ஒன்று தனபாலுடையது, ஒன்று நான் சேர்த்தது. திருத்தி அனுப்பினோம். சோதனைக் கோப்பில் நான்காவது பெயரையும் பேச்சியம்மாள் என்று மாற்றினேன். தேதிகளை அப்படியே விட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஏற்றுக்கொண்டார்கள். எழுதியவர் பெயர் தனபால் என்றே இருக்கிறது. அடுத்த வெளியீட்டில் வரும்.

ஜூன் 25, புதன்

நேற்று வெளியீடு வந்தது. இன்று அதைப் பொருத்தினேன். பதினோராவது திருத்தத்தை எங்கள் அடுக்கிலிருந்து எடுத்தேன். மே பதினான்காம் தேதி தட்டிய அதே கட்டளை. அன்று வராத தயக்கம் இன்று வந்தது. பதினெட்டு.

பிறகு டாக்டர் எஸ்தரின் அனுமதியோடு, தானாக ஒன்றாக்கும் வசதியை மறுபடி திறந்துவிட்டேன். இந்த முறை பணி முடிந்த பிறகு ஓடாது. பட்டப்பகலில், நாளை பதினோரு மணிக்கு, கனி பக்கத்தில் இருக்கும்போது ஓடும்.

“சரியா வருமா மேடம்?” என்றாள்.

தெரியாது என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. மே மாதமும் தேறின. மாலையில் பதிவேட்டை நகல் எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாக.

ஜூன் 26, வியாழன்

பதினோரு மணிக்கு ஓடியது. நான்கு நிமிடம். 61 ஜோடிகள் ஒன்றாயின. கனியும் நானும் ஒவ்வொன்றாகப் படித்தோம். அறுபது சரி. ஒன்றில் ஊரும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்று, தெரு மட்டும் வேறு. கனி போன் செய்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்தாள்.

“ஒரே ஆளுதான் மேடம். வீடுதான் ரெண்டு.”

“சரி.”

“ரெண்டு வீட்லயும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாதாம். நாம ஒண்ணாக்கிட்டோம்.”

டாக்டர் எஸ்தரிடம் பூஜ்யம் பிழை என்று எழுதிக் கொடுத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேச்சியம்மாள்களும் வந்தார்கள். ஒருவருக்குக் காலில் கட்டு மாற்ற, ஒருவருக்குச் சர்க்கரை பார்க்க. கனி இரண்டு எண்களையும் தட்டினாள். திரையில் இரண்டு பேர் இருந்தார்கள். ரேஷன்கடை எதிர்வீட்டுப் பேச்சியம்மாளின் பெயருக்கு மேலே சிவப்பில் பென்சிலின் என்று இருந்தது.

“நல்லாப் பாத்துக்கோ தாயி” என்றார் அவர். “அவ ஊசிய எனக்குப் போட்டுராத.”

“உன் புண்ண எனக்குக் குடுத்துராத, அதச் சொல்லு” என்றார் மற்றவர்.

மதியம் தனபாலிடமிருந்து ஒரு செய்தி: “ஓடுச்சா?” ஓடிற்று என்று அனுப்பினேன்.

பிறகு ஏழாவது திருத்தத்தை, கனியின் அடையாளப் பெட்டியை, மூலத்திட்டத்துக்கு அனுப்புவதற்காக எடுத்து வைத்துக்கொண்டேன். அது எதற்கு என்று எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தாறு பேச்சியம்மாள், ஓடிப்போன புருஷன், ஓடிப்போகாத ரேஷன்கடை. பதினான்கு வரி வந்தது. சுருக்கவில்லை.